பைக் ஷாக்கில் இருக்கும் ஐந்து படிகள்

பைக்கை டபுள் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்பிரிங்கின் அடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்க. மாடிப்படி மாதிரி வெட்டின ஒரு வளையம் தெரியும். சேறு அப்பி மறைந்தும் இருக்கலாம். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் அதில் ஐந்து படிகள் உண்டு. வண்டி வாங்கிய நாள் முதல் இதைத் தொடாமலேயே ஓட்டுபவர்கள் நிறைய பேர்.

எங்க அப்பா 94 கிலோ. மாதம் ஒருமுறை அப்பத்தாவைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். அப்பத்தாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம். ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டொக்'குன்னு ஒரு சத்தம் வரும், கூடவே அப்பத்தாவின் "ஐயோ முருகா"வும் வரும். அந்த 'டொக்' எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்த்தான் இந்தப் படிகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஹூக் விதி நமக்குப் பாடத்தில் இருக்கு. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பது அதன்மேல் உள்ள விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ராபர்ட் ஹூக் இதை 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக அச்சிட்டார். விடையை 1678-ல்தான் வெளியிட்டார். (காப்பி அடிக்கிறவங்க அப்பவும் இருந்திருப்பாங்க போல!)

இப்ப ஒரு கணக்கு. இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 3 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும், மொத்தம் 80 மி.மீ. வரை அமுங்க இடம் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கம் இறங்கும். அவர் 90 கிலோ என்றால் 60 கிலோ பின்னால் போகும், அதாவது 20 மி.மீ. பின்னால் உட்காருபவர் கிட்டத்தட்ட சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் அவருடைய 60 கிலோவும் அப்படியே ஸ்பிரிங்குக்குத்தான். இன்னொரு 20 மி.மீ. போச்சு. வண்டியின் சொந்த எடைக்கு ஒரு 10 மி.மீ. ஆக, வண்டி கிளம்பும் முன்னாடியே 50 போய்விட்டது, மீதி 30 மி.மீ.தான். வேகத்தடை அதற்கு மேல் அமுக்கினால் ஷாக் அடியில் போய் முட்டும். அதுதான் அந்த 'டொக்'. அதற்கப்புறம் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான், அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு ஏறும்.

படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பட்டறையில்கூடச் சொல்வாங்க. அது சரியில்லை. கம்பி அதேதான், 3 கிலோவுக்கு 1 மி.மீ. என்பதும் மாறாது. படி ஏறும்போது ஸ்பிரிங்கின் அடிப்பக்கம் மேலே தள்ளப்படுகிறது. ஆள் ஏறும் முன்னரே அது கொஞ்சம் அமுங்கித் தயாராக நிற்கும். 10 மி.மீ. இப்படி அமுக்கி வைத்தால் முதல் 30 கிலோவுக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது. நம் கணக்கில் 50 இறங்கிய வண்டி 40-தான் இறங்கும். வேகத்தடைக்கு 40 மி.மீ. மிச்சம் கிடைக்கும்.

அப்படின்னா எப்பவும் கடைசிப் படியிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பீங்க. 50 கிலோ ஆள் ஒருத்தர் தனியாக அந்த வண்டியை எடுத்தால் ஸ்பிரிங் சரியாக இறங்காது. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீள இடம் இருக்காது, சீட் தூக்கித் தூக்கி அடிக்கும். கடினமாயிடுச்சு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எந்தப் படி வேணும் என்று டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். டபுள் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும்போது, சக்கரத்தின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து குறிச்சுக்கோங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாகப் போகிற இருவரும் ஏறிக் காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காரணும். ஒருத்தர் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடிக்கணும், ஒருத்தர் அளக்கணும். (மொத்தம் நாலு பேர் வேணும், எங்க வீட்டில் அம்மாவும் தம்பியும் வந்தாங்க.) இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், மொத்த அமுங்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் நல்லது. பாதியைத் தாண்டினால் படி ஏற்றியே ஆகணும்.

மாற்றுவது சுலபம். ஆள் இறங்கி, வண்டி டபுள் ஸ்டாண்டில் நிற்கும்போது செய்யணும். முதலில் பழைய பல்துலக்கியால் சேற்றைத் தேய்த்து எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. டூல் கிட்டில் கொக்கி மாதிரி வளைந்த ஸ்பேனர் ஒன்று இருக்கும். அதை வளையத்தின் காடியில் மாட்டித் திருப்பினால் 'டக்' என்று அடுத்த படியில் உட்காரும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கணும்! வலது நாலு, இடது இரண்டு என்று வைத்தால் சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு பக்கமாக முறுக்கும், வளைவில் வண்டி இழுக்கும்.

எங்க வண்டி இரண்டாம் படியில் இருந்தது, அதை நாலுக்கு மாற்றினோம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அப்பத்தா, வலி இல்லை என்று சொல்லவில்லை, ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கத்து மேட்டில் மட்டும்தான் முருகனைக் கூப்பிட்டாங்களாம்.

இந்தத் தொல்லை நம்ம ஊருக்கு மட்டும் இல்லை. கனடாவில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் இதே கதைதான். பொம்பார்டியே என்பவர் 1959-ல் ஸ்கி-டூ என்ற சின்னப் பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இப்போதுள்ள பல பனிவண்டிகளில் முறுக்கு ஸ்பிரிங்கின் நுனி ஒரு கட்டையில் தாங்கி நிற்கும். கட்டையைத் திருப்பினால் உயரம் மாறும், கனமானவர் ஏறினால் உயர்ந்த பக்கம் வைப்பாங்க. பின்பக்கம் ரொம்ப இறங்கினால் முன்னால் உள்ள சறுக்குக் கட்டைகள் பனியில் பதியாமல், திருப்பினால் திரும்பாது. நம்ம பைக்கிலும் பின்னால் தாழ்ந்தால் ஹேண்டில் லேசாகிவிடும். ராத்திரியில் ஹெட்லைட் மேல்நோக்கி எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் படி மாற்றியதும் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒரு சுவரில் அடித்துப் பார்த்துடுங்க.

படியால் தீராத நோயும் உண்டு. சீட்டின் பின்பக்கத்தைப் பலமாக அமுக்கி விடுங்க. மேலே வந்து அடங்கினால் சரி. ரெண்டு மூணு தடவை ஆடினாலோ, ஷாக்கின் தண்டில் எண்ணெய் வழிந்திருந்தாலோ உள்ளே இருக்கும் ஆயில் போச்சு என்று அர்த்தம். அதற்குப் புது ஷாக்தான் மாற்றணும், ஜோடியாக. டயரில் காற்று, ஒருவருக்கு ஒரு அளவு, இருவருக்குக் கூடுதல் அளவு என்று வண்டிப் புத்தகத்திலேயே இருக்கும். ஐந்தாம் படியிலும் வண்டி பாதிக்கு மேல் இறங்கினால் அந்த ஸ்பிரிங் அந்த எடைக்கு ஆனது இல்லை. அப்பத்தாவோடு அரிசி மூட்டையும் ஏற வேண்டிய நாளில் எங்க வீட்டில் இப்ப ஷேர் ஆட்டோதான்.