ஹார்னைக் காக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்

ஹார்ன் யூனிட்டின் உள்ளே இருப்பது எளிமையான அமைப்பு. மெல்லிய டயப்ரம், அதன் விளிம்பில் சுற்றிய காயில், சுற்றிலும் காந்தம், முன்னால் ஒடுங்கிய கழுத்து. டயப்ரத்துக்கும் அதன் எதிரே நிற்கும் உலோகக் குமிழுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. பத்து மடங்கு பரப்பிலிருந்து தள்ளப்படும் காற்று அந்தச் சிறு கழுத்து வழியே பிதுங்கி, குழாயில் மெல்ல விரிந்து வெளியேறுகிறது. சாதாரணக் காகிதக் கோன் ஒலிபெருக்கி தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கை ஒலியாக்கினாலே நல்ல பெட்டி என்று பெயர் வாங்கிவிடும். ஹார்ன் அதைப்போல் பத்து மடங்குக்குமேல் தரும். அது எளிதில் எரிந்துபோவதற்கும் இதே அமைப்புதான் காரணம்.

திருவிழா மைக் செட்டுகளிலிருந்தும் மூடப்பட்ட திரையரங்குகளிலிருந்தும் கழித்துக்கட்டிய யூனிட்டுகள் இப்போது வீட்டுக் கூடங்களுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை வூஃபரோடு சேர்த்துப் பெட்டியாக்குபவர்கள் வாட்ஸைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் ‘10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துக்கு எந்த அளவுகோலும் கிடையாது. அச்சடித்தவரின் துணிச்சலைத்தான் அது காட்டும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே இந்த யூனிட்டுக்குள் ஒன்றும் போகக்கூடாது?

அதைத் தீர்மானிப்பது குழாயின் வாய். வாயின் சுற்றளவு ஒரு அலைநீளத்துக்குக் குறையாமல் இருக்கும்வரைதான் குழாய்க்குள் இருக்கும் காற்று டயப்ரத்துக்குச் சுமையாக நிற்கும். கரையோரத்தின் 28 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடுகிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அதற்கு வாயின் விட்டம் 22 சென்டிமீட்டராவது வேண்டும். இந்த எல்லைக்கு மேலே காற்று டயப்ரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது: சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதாவது அதிர்வெண் பாதியானால், டயப்ரத்தின் ஆட்டம் இரண்டு மடங்காகும். திறந்த கோனுக்கு இதுவே நான்கு மடங்கு. எல்லைக்குக் கீழே போனால் காற்றின் பிடி விட்டுவிடும். ஒலி பெரிதாக வெளியே வராது. ஆனால் டயப்ரம் மட்டும் தறிகெட்டு ஆடும், குமிழில் மோதும், விளிம்பு கிழியும். தவில் அடியும் பேஸ் கிட்டாரும் ஹார்னைக் கொல்வது இப்படித்தான். அதனால் வூஃபரும் ஹார்னும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் பிரிப்பு அதிர்வெண்ணை எல்லையிலிருந்து குறைந்தது ஒரு ஸ்தாயி மேலே வைப்பது வழக்கம். 500 ஹெர்ட்ஸ் குழாய்க்கு 1,000. நிம்மதி வேண்டுமென்றால் 1,500.

வரலாறு சிறிதுதான். பேசும்படத்துக்காக வென்ட், துராஸ் என்ற இருவர் உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 யூனிட் 1926-இல் வந்தது. அன்றைய பெருக்கிகள் ஒரு சில வாட்ஸ்தான் தரும் என்பதால் அரங்கை நிரப்ப ஹார்னைத் தவிர வழியில்லை. 1940-களில் ஆல்டெக் நிறுவனம் அரங்குகளுக்கும், பால் கிளிப்ஷ் வீட்டு மூலைக்கும் ஹார்ன் பெட்டிகள் செய்தார்கள். பிரிப்புச் சுற்றுக்குப் பயன்படும் வடிகட்டிக் கணக்கை பட்டர்வொர்த் 1930-இல் எழுதினார். லிங்க்விட்ஸும் ரைலியும் 1976-இல் அதைத் திருத்தினார்கள். நம் கரையில் ஒலிபெருக்கி பாட்டுக்கு மட்டும் இருந்ததில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிப் புதுச்சேரிப் பகுதியில் அமைத்த கிராமத் தகவல் மையங்கள் அலையின் உயரத்தை மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தன. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் ஊரைக் காலிசெய்யச் சொன்னதும் அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கிதான். பேச்சுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தேவையில்லை. அதனால் அறிவிப்புக் குழாய்களுக்கு எளிய வடிகட்டியே போதும். வீட்டில் ஒரே பெட்டி மிருதங்கத்தையும் ஜால்ராவையும் தரவேண்டியிருப்பதால்தான் சிக்கல்.

வடிகட்டி வேலை செய்யும் விதத்தை மரக்காணம் உப்பளத்தில் பார்க்கலாம். உப்புநீர் ஒரே பாத்தியில் உப்பாகிவிடுவதில்லை. பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, முதலில் ஜிப்சத்தை அடியில் விட்டு, பிறகு 25 டிகிரி போமே அடர்த்தியில் உப்பை விடுகிறது. மிஞ்சும் கசப்புநீரைத் தக்க நேரத்தில் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு கசக்கும். கிராஸ்ஓவர் எனும் பிரிப்புச் சுற்றில் ஒவ்வொரு உறுப்பும் ஒரு பாத்தி. ஒரே ஒரு கண்டன்சர் வைத்தால் ஒரு ஸ்தாயி இறங்கும்போது மின்னழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபெல் குறையும். இதே ஸ்தாயியில் டயப்ரத்தின் ஆட்டம் இரண்டு மடங்காகிறது அல்லவா? இரண்டும் கழிந்து ஆட்டம் அப்படியே நிற்கிறது. பாதுகாப்பாகக் கிடைத்தது சுழியம். இரண்டாவது பாத்தியாக ஒரு சுருளைச் சேர்த்தால் கால் பங்காகும், 12 டெசிபெல். ஹார்னுக்கு இதுவே கீழ்வரம்பு. நான்கு பாத்தி கட்டினால் 24. உவமையை இன்னும் ஒரு படி இழுக்கலாம்: எத்தனை பாத்தி கட்டினாலும் வரப்பில் நண்டு வளை இருந்தால் வடித்த கசப்புநீர் அதன் வழியே திரும்பி வந்துவிடும். கிராஸ்ஓவரிலும் அப்படி ஒரு வளை உண்டு. இதற்குமேல் உவமை உதவாது. உப்பு விளைய வாரங்கள் ஆகும், நண்டுக்கு மின்மறுப்பும் கிடையாது.

அந்த வளை யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியில் ‘8 ஓம்’ என்று எழுதியிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணுக்கும் பொருந்தும் எண் அல்ல. டயப்ரம் இயல்பாக ஆட விரும்பும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் மின்மறுப்பு, அதாவது மாறுமின்சாரத்துக்கு யூனிட் காட்டும் தடை, ஒரு குன்றுபோல் எழும்பும். கணக்குக்காக, 600 ஹெர்ட்ஸில் அது 40 ஓம் ஆகிறது என்று கொள்ளலாம். கடைக்காரர் 1,500 ஹெர்ட்ஸ் பிரிப்புக்கு, 8 ஓம் என்று நம்பி, 13.3 மைக்ரோஃபாரட் கண்டன்சர் கொடுக்கிறார். 600 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டன்சரின் தடை 20 ஓம். யூனிட் உண்மையிலேயே 8 ஓமாக இருந்திருந்தால் அதற்குப் போகும் மின்னழுத்தம் 37 விழுக்காடாகக் குறைந்திருக்கும். அது 40 ஓமாக நிற்பதால் 89 விழுக்காடு உள்ளே போகிறது. காற்றின் பிடி விடப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே, டயப்ரம் தானாக ஆடத் துடிக்கும் அதிர்வெண்ணிலேயே, வடிகட்டி வேலைநிறுத்தம் செய்கிறது. கூடுதல் விலைக்கு வாங்கிய ஆடியோஃபைல் கண்டன்சரும் இதே 89-ஐத்தான் தரும்.

தீர்வு, வேறொரு தேவைக்காக எப்படியும் சேர்க்கவேண்டிய இரண்டு ரெசிஸ்டர்களிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு வாட்டுக்கு வூஃபர் 92 டெசிபெல் தரும்போது ஹார்ன் 107 தருகிறது என்றால், இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர ஹார்னை 15 டெசிபெல் அடக்கியாக வேண்டும். வடிகட்டிக்கும் யூனிட்டுக்கும் நடுவே தொடராக 6.6 ஓம், அதற்குப் பிறகு யூனிட்டுக்கு இணையாக 1.7 ஓம். யூனிட் 8 ஓமாக இருக்கும்போது வடிகட்டி மொத்தமாகப் பார்ப்பது 8 ஓம். யூனிட் 40 ஓமாக எழும்பினால்? இணையாக நிற்கும் 1.7 ஓம் அந்தக் குன்றை விழுங்கிவிடுகிறது; வடிகட்டி பார்ப்பது 8.2 ஓம்தான். 600 ஹெர்ட்ஸில் யூனிட்டுக்குப் போகும் மின்னழுத்தம் 89 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. ஒலியைச் சமன்செய்ய வைத்த பொருள் வரப்பின் வளையையும் அடைத்துவிடுகிறது. மின் சுற்றுகளில் ஒரு செலவில் இரண்டு வேலை நடப்பது அபூர்வம்; இது அப்படி ஒன்று.

விலை வெப்பமாகக் கட்டப்படுகிறது. இந்த அமைப்புக்கு வரும் ஒவ்வொரு 100 வாட்டிலும் 82 முதல் ரெசிஸ்டரில் சூடாகிறது, ஏறக்குறைய 15 இரண்டாவதில். ஹார்னுக்குப் போவது 3. அதனால் கால் வாட் பொடி ரெசிஸ்டர்கள் உதவாது. பத்து, இருபது வாட் தாங்கும் வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டர்கள் வேண்டும். சில பெட்டிகளில் தொடராக ஒரு கார் பல்பையும் வைத்திருப்பார்கள். மின்சாரம் மிகும்போது இழை சூடாகி அதன் தடை பல மடங்கு உயரும்; காயிலுக்குப் போகவேண்டியது வெளிச்சமாகிவிடும். அசிங்கமான ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்கிறது.

சிறிய பெருக்கி வைத்தால் ஒலி முனை மழுங்கி, அதிலிருந்து பிறக்கும் மேல்சுரங்கள் ஹார்னை எரித்துவிடும் என்ற கதை கடைத்தெருவில் பலமாக உலவுகிறது. பெரிய பெருக்கி விற்க வசதியான கதை. 100 ஹெர்ட்ஸ் ஒலி முழுவதும் சதுரமாக மழுங்கினாலும், அதன் திறனில் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேலே போவது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. எரிவதற்குக் காரணம் வேறு. பேஸ் ஏற்கெனவே உச்சத்தில் முட்டி நிற்க, பெருக்கியின் குமிழை மேலும் திருகத் திருக உயர்சுரங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. அந்தச் சராசரித் திறன்தான் காயிலைச் சுடுகிறது. திருகும் கைக்கு எந்தக் கிராஸ்ஓவரும் பாதுகாப்பு இல்லை.

ஹார்னுக்குத் தனிப் பெருக்கி வைத்து மின்னணு முறையில் பிரிப்பவர்கள் கண்டன்சரே வேண்டாம் என்பார்கள். பெருக்கியின் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் நேர்மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போகும். வூஃபர் சில நொடி தாங்கினாலும் ஹார்ன் தாங்காது. 66 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைத் தொடராக வைத்தால் 8 ஓமுக்கு அதன் எல்லை 300 ஹெர்ட்ஸில் நிற்கும். 1,500 ஹெர்ட்ஸ் பிரிப்பைப் பெரிதாகத் தொடாது, நேர்மின்சாரத்தையும் ஸ்விட்ச் போடும்போது வரும் ‘டும்’ அடியையும் பெருமளவு தடுக்கும்.

பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊரில் இதற்கெல்லாம் மேலே உப்புக்காற்று இருக்கிறது. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்த உப்புத்துகள் தானே கரைந்து மின்சாரம் கடத்தும் நீராகும். கடலில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. முதலில் பழுதாவது, அந்த இரண்டு ரெசிஸ்டர்களுக்குப் பதிலாகச் சில பெட்டிகளில் வைக்கும், ஹார்னின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ்தான். அதன் தொடர்பாதை அரித்துத் தொடர் ரெசிஸ்டர் அறுந்தால் ஹார்ன் ஊமையாகும், நட்டமில்லை. இணையாக நிற்கும் பக்கம் அறுந்தால் ஹார்னுக்கு ஏறக்குறைய 10 டெசிபெல் கூடுதலாகப் போகும், மின்மறுப்புக் குன்றும் திரும்ப எழும்பும். ரெசிஸ்டர்கள் இல்லாமல் கண்டன்சரும் சுருளும் மட்டும் வைத்த பெட்டியில் காயில் அறுந்தால் இன்னும் மோசம்: சுமையில்லாத அந்த இரண்டும் பிரிப்பு அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து பெருக்கிக்குக் கிட்டத்தட்ட ஷார்ட்டாக நிற்கும். ஹார்னுக்குப் பிறகு பெருக்கியும் போகலாம்.

ஆகவே கடலோர வீட்டுப் பெட்டிக்குத் திருகும் குமிழ் வேண்டாம். நிலையான இரண்டு சிமென்ட் ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து, மூட்டுகளுக்கு வார்னிஷ் பூசி, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பெருக்கியிலிருந்து கழற்றி, யூனிட்டின் முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி 1.7 ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் நலம். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் காட்டினால் காப்பாற்றும் ரெசிஸ்டர் அறுந்துவிட்டது. அதை மாற்றும்வரை பெட்டியைப் போடக்கூடாது.