பன்னிரண்டு வோல்ட் எங்கே போகிறது?

தீபாவளி நெருங்கினால் செர்காமில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய லிப்-லாப் விளக்குச் சரம் தொங்கும். அதில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் இருண்டுவிடும். அப்பா நாற்காலியில் ஏறி ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். அதே நேரத்தில் வரவேற்பறை விளக்கும் சமையலறை விளக்கும் எதுவும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருக்கும். சரத்தில் இருப்பது தொடர் மின்சுற்று, வீட்டில் இருப்பது இணை மின்சுற்று. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் இதைப் படித்தபோது எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனால் ஐந்தாம் படிவத்தில், எஸ்பிஎம் முன்னோட்டத் தேர்வில், இயற்பியலில் எனக்குக் கிடைத்தது 31 மதிப்பெண். மின்சாரக் கேள்வியில் முழுப் பூஜ்யம்.

காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். தமிழ்ப்பள்ளியில் ‘மின்னோட்டம்’ என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் ‘அருஸ்’ ஆனது. மின்னழுத்தம் ‘வோல்தன்’, மின்தடை ‘ரிந்தாங்கான்’ ஆயின. சொற்களை மனப்பாடம் செய்வதிலேயே என் கவனம் போயிற்று. அந்தச் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று கேட்கவே இல்லை. இன்று பல்கலைக்கழகத்தில் அதையே ஆங்கிலத்தில் படிக்கிறேன். பெயர்தான் மாறுகிறது, கம்பிக்குள் நடப்பது மாறுவதில்லை.

போன விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது தம்பி தன் பயிற்சி நூலை நீட்டினான். “அக்கா, இந்த சாப்டர் மட்டும் விட்டுடலாமா?” என்றான். அவன் செய்திருந்த தவறு, நான் அன்று செய்த அதே தவறு!

கேள்வி இதுதான்

12 வோல்ட் மின்னியக்கு விசை கொண்ட ஒரு மின்கலம். அதன் அகத்தடை 1 ஓம். அதனுடன் 3 ஓம் மின்தடை தொடராக இணைக்கப்பட்டுள்ளது. அதற்கு அடுத்து 12 ஓம், 6 ஓம் மின்தடைகள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளன. 6 ஓம் மின்தடையில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?

தம்பி எழுதிய விடை: 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர்.

ஓமின் விதி சரிதான், வகுத்ததும் சரிதான். விடைதான் தவறு. ஏனென்றால் அந்த 12 வோல்ட் முழுவதும் 6 ஓம் மின்தடைக்குக் கிடைக்கவில்லை. வழியில் மற்றவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

முதலில் இணையாக உள்ள இரண்டையும் ஒன்றாக்குவோம். 12-ஐயும் 6-ஐயும் பெருக்கினால் 72, கூட்டினால் 18. 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4 ஓம். இணையாக இணைத்தால் கிடைக்கும் தடை, இரண்டில் சிறியதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். 6-ஐவிட அதிகமாக வந்தால் அங்கேயே நிறுத்தித் திரும்பிப் பாருங்கள்.

அடுத்து மொத்தத் தடை: 1 + 3 + 4 = 8 ஓம். ஆகவே மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் 12-ஐ 8-ஆல் வகுத்தால் 1.5 ஆம்பியர்.

இப்போது தம்பியின் விடையைப் பாருங்கள். மொத்தமே 1.5 ஆம்பியர் என்றால், ஒரு கிளையில் மட்டும் 2 ஆம்பியர் எப்படி ஓடும்?

இணைப் பகுதியின் மின்னழுத்தம் 1.5 × 4 = 6 வோல்ட். எனவே 6 ஓம் மின்தடையில் 1 ஆம்பியர், 12 ஓம் மின்தடையில் 0.5 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 1.5. கணக்கு பொருந்துகிறது.

கடைசியாக, 12 வோல்ட் எங்கே போனது என்று கணக்குப் பார்ப்போம். அகத்தடையில் 1.5, 3 ஓமில் 4.5, இணைப் பகுதியில் 6. மொத்தம் 12. ஒரு வோல்ட்கூடக் காணாமல் போகவில்லை.

அகத்தடை என்பது தேர்வுக்காக உருவாக்கிய கற்பனை என்று நினைக்காதீர்கள். கப்சாய் மோட்டாரின் ஸ்டார்ட்டரை அழுத்தும் கணத்தில் மீட்டர் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டம் பாயும்போது அதன் உள்ளேயே சில வோல்ட் செலவாகிவிடுகிறது.

இருபத்தொரு வயது மாணவர்

சந்தியில் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம். ஒரு சுற்றைச் சுற்றி வந்தால் மின்னழுத்தக் கணக்கு நேராக வேண்டும். நாம் மேலே சரிபார்த்தவை இந்த இரண்டும்தான். இவற்றை வகுத்தவர் குஸ்தாவ் கிர்க்காப். அது 1845-ஆம் ஆண்டு. அப்போது அவர் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர்.

அவருக்கு முன், 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய நூலுக்குச் சொந்த நாட்டில் நல்ல வரவேற்பு கிடைக்கவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லே பதக்கம் வழங்கியது. ஆக, இந்தப் பாடம் முதலில் யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. 31 மதிப்பெண் வாங்கிய எனக்கு இது பெரிய ஆறுதல்.

சமையலறையில் ஒரு கணக்கு

அன்று மாலை தம்பியைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். ஒரே எக்ஸ்டென்ஷனில் மூன்று பொருள்கள்: 2,200 வாட் கெட்டில், 1,200 வாட் இஸ்திரிப்பெட்டி, 700 வாட் ரைஸ் குக்கர். “கணக்குப் போடு” என்றேன்.

மொத்தம் 4,100 வாட். நம் நாட்டின் 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 17.8 ஆம்பியர். அந்த எக்ஸ்டென்ஷனில் எழுதியிருப்பதோ 13 ஆம்பியர்.

“பியூஸ் போயிடும்ல?” என்றான் தம்பி.

உடனே போகாது. 13 ஆம்பியர் பியூஸ் 17.8 ஆம்பியரை நெடுநேரம் தாங்கி நிற்கும். இஎல்சிபி மின்கசிவைத்தான் கவனிக்கும், அதிகச் சுமையைக் கவனிக்காது. ஆனால் கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி கூடும். 17.8-ஐ 13-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.87. அதாவது மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கூடியதற்கே, வெப்பம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. தளர்ந்த இணைப்பு ஒன்று இருந்தால் பிளாஸ்டிக் உருகத் தொடங்கும்.

தம்பி எக்ஸ்டென்ஷனின் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தான். அதன் ஓரம் ஏற்கனவே பழுப்பேறியிருந்தது. “அம்மா, கெட்டில இனிமே சுவர் பிளக்குல மட்டும்தான் போடணும்” என்று குரல் கொடுத்தான். அந்த எக்ஸ்டென்ஷன் அன்றே குப்பைக்குப் போயிற்று.

தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளே, சுற்றைப் பார்த்தவுடன் எண்களை வகுக்கத் தொடங்காதீர்கள். எது தொடர், எது இணை என்று முதலில் படத்தை உங்கள் கையால் மீண்டும் வரையுங்கள். எந்த மின்தடைக்கு எந்த மின்னழுத்தம் என்று பக்கத்தில் எழுதுங்கள். விடை வந்த பிறகு கூட்டிச் சரிபாருங்கள். எந்த மொழியில் கேள்வி வந்தாலும் இந்த வழி மாறாது.

தம்பி அந்த சாப்டரை விடவில்லை. இரவு மேசையில் கிடந்த அவன் நூலில், 2 ஆம்பியரை அடித்துவிட்டு 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தான். கீழே சின்னதாக ஒரு வரி: 1.5 + 4.5 + 6 = 12.