டிம்பக்டு எங்கே இருக்கிறது?

அரிதாக நடப்பதை 'அத்தி பூத்தாற்போல' என்போம். கிடைக்காததைக் 'குதிரைக் கொம்பு' என்போம். தொலைதூரமென்றால் 'ஏழு கடல் தாண்டி' என்போம். ஆங்கிலேயரோ தொலைதூரத்துக்கு ஓர் ஊரின் பெயரையே வைத்துவிட்டனர். அதுதான் 'டிம்பக்டு'. எட்டாத மூலை என்பது அதன் கருத்து. அப்படியோர் ஊரே இல்லையென்று எண்ணும் பிள்ளைகளும் உண்டு.

சகோதரிகளே, அது மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில், சஹாராவின் தென் விளிம்பில் இருக்கிறது. வடக்கே இருந்து ஒட்டகங்களில் உப்பும், தெற்கே இருந்து பொன்னும் அங்கு வந்து சேர்ந்தன. மாலியின் மன்னர் மன்ஸா மூஸா 1324இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் வாரி வழங்கிய பொன்னால் கெய்ரோவில் பொன்னின் விலையே இறங்கியது. அவர் ஊர் திரும்பிய பின் எழுந்த களிமண் பள்ளிவாசல் டிம்பக்டுவில் இன்றும் நிற்கிறது.

பொன்னிலும் மேலாக அங்கே கல்வி மதிக்கப்பட்டது. ஏனைய சரக்குகளைவிட நூல் வியாபாரத்திலேயே கூடுதல் இலாபம் என்று 16ஆம் நூற்றாண்டுப் பயணி ஹஸன் அல்வஸ்ஸான் எழுதிவைத்தார். 1591இல் மொரோக்கோப் படை ஊரைப் பிடித்தது. அதன்பின் நாடுகடத்தப்பட்ட அறிஞர் அஹ்மத் பாபா இழந்த நூல்கள் 1600. தம் உறவினருள் தம்முடைய நூலகமே சிறியது என்றாராம்!

ஐரோப்பியருக்கோ அது புதிராகவே இருந்தது. அங்கு சென்று திரும்பும் முதலாமவருக்குப் பாரிஸ் புவியியல் சங்கம் 1824இல் பரிசு அறிவித்தது. முஸ்லிம் வேடத்தில் சென்று 1828இல் மீண்ட ரெனே காயே அதை வென்றார். பொன்னகரம் தேடிப்போன அவர் கண்டது மண்வீடுகளையே. அந்த வீடுகளின் பெட்டிகளில்தான் தலைமுறை தலைமுறையாக ஏட்டுப் பிரதிகள் காக்கப்பட்டு வந்தன. 2012இல் ஆயுதக் குழுவினர் ஊரைக் கைப்பற்றியபோது, பல்லாயிரம் பிரதிகளை மக்கள் இரகசியமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினர்.

நமது தீவும் ஒருகாலம் அவர்களுக்குத் தொலைதூரம்தான். அரபிகள் இட்ட 'ஸெரன்தீப்' என்ற பெயரிலிருந்தே, எதிர்பாராமல் கிட்டும் நன்மைக்கு 'ஸெரன்டிபிட்டி' என்ற சொல்லை 1754இல் ஹொரேஸ் வால்போல் உண்டாக்கினார். நம் பெயருக்கு நல்ல பொருள் வாய்த்தது, டிம்பக்டுவுக்கு வாய்க்கவில்லை. பிள்ளை அச்சொல்லைப் பாடமாக்கும்போது, அந்த ஊரின் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.