சின்னங்களுக்கும் ஒரு சீருடை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பர் பெரியோர். காலை வழிபாட்டிற்கு நாம் வரிசையாக நிற்கும்போது, ஒருத்தி மட்டும் வண்ணப் பாவாடையில் வந்து நின்றால் எல்லார் கண்களும் அவள் மீதே செல்லும் அல்லவா? கணினித் திரையிலும் இத்தகைய காட்சியை நாம் காண்பதுண்டு.

திரையில் தோன்றும் சின்னங்களை ஒரே பாணியில் வரைந்து தொகுத்து வைப்பதையே 'தீம்' என்கிறோம். லினக்ஸ் கணினியில் நமக்குப் பிடித்த தொகுதியைத் தேர்ந்தெடுத்த பின்பும், இரண்டொரு சின்னங்கள் வேறு கோலத்தில் நிற்கும். இதற்குக் காரணம் என்ன?

1984-ஆம் ஆண்டில் வெளிவந்த மாக்கின்டாஷ் கணினியின் சின்னங்களைச் சூசன் கேர் என்ற பெண்மணி கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தே உருவாக்கினார். ஒரே கை வரைந்ததால் அவற்றில் ஒற்றுமை இருந்தது. லினக்ஸ் நிரல்களையோ உலகெங்கும் பல கைகள் ஆக்குகின்றன. எனவே சின்னங்களை இணைக்க ஒரு பொது விதி தேவைப்பட்டது. பெயரே அந்த விதியின் உயிர்நாடி.

நிரல் ஒன்று தன் சின்னத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. கணினி முதலில் நாம் தேர்ந்த தொகுதியில் தேடும். அங்கு இல்லையேல் அதன் தாய்த் தொகுதியில் தேடும். அங்கும் இல்லையேல் 'ஹைகலர்' என்னும் பொதுத் தொகுதிக்குச் செல்லும். நிரலை ஆக்கியவர் வரைந்த படம் அங்கேதான் இருக்கும். ஒற்றுமை குலைவது இவ்வாறே.

இதைச் சீர்செய்வது கடினமன்று. நம் சொந்த அடைவில் சிறு தொகுதி ஒன்றை அமைத்து, அதன் 'இன்டெக்ஸ்' கோப்பில் நாம் விரும்பும் தொகுதியைத் தாயாகக் குறிப்பிட வேண்டும். இல்லாத சின்னத்தை மட்டும் இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை நிரலில் வரைந்து, நிரல் கேட்கும் அதே பெயரில் அங்கே சேமிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கணினி கண்டுகொள்ளாது! கணினிக்குப் பொதுவான அடைவில் கை வைத்தலாகாது. அடுத்த புதுப்பித்தலில் நம் உழைப்பு அழிந்துபோகலாம்.

சில நிரல்கள் பெயரைச் சொல்லாமல் படம் இருக்கும் இடத்தின் முழு முகவரியையே எழுதி வைத்திருக்கும். அத்தகைய நிரலின் 'டெஸ்க்டாப்' கோப்பை நம் அடைவிற்கு நகலெடுத்து, முகவரி உள்ள இடத்தில் பெயரை எழுதினால் போதும்.

பெரிய படத்தைச் சுருக்கி 16 புள்ளி அகலத்தில் வைத்தால் நுண்ணிய கோடுகள் மங்கிவிடும். ஆகவே சிறிய அளவிற்கு எளிமையாகத் தனியே வரைதல் நலம்.

தோழியரே, ஒன்றை மறவாதிருப்போம். எல்லாச் சின்னங்களையும் ஒரே வட்டத்தில், ஒரே நிறத்தில் அடைத்துவிட்டால் சேமிப்பது எது, அழிப்பது எது என்று தெரியாமற் போகும். எழுத்தறியாத பாட்டியும், ஆங்கிலம் அறியாத சிறுமியும் படத்தை நம்பியே கணினியைத் தொடுகின்றனர். அவர்களை ஏமாற்றும் அழகு அழகாகாது.

சீருடை ஒன்றே, ஆயினும் நம் முகங்கள் வேறு வேறு. அதனாலன்றோ ஆசிரியை நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறார்! சின்னங்களுக்கும் அதுவே நெறி.