அழிந்தது பாடமா, பொருளடக்கமா?

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியது. உங்கள் சித்தப்பாவோ அத்தையோ அப்போது அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்திருந்தால், அந்தக் கணினி இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கலாம். அதை முடுக்கினால், 'விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா?' என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம்.

உள்ளே இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க். அதில் இரண்டு இயங்குதளங்கள் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடாமல் எப்படி இருந்தன? டிஸ்க்கை முன்பே பங்கு பிரித்திருந்தார்கள். அந்தப் பங்குதான் பார்ட்டிஷன். சுவர், தடுப்பு எதுவும் கிடையாது. எந்தப் பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும்தான். அக்காலக் கணினிகளில் அந்தக் குறிப்பு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் 446 பைட் கணினியை எழுப்பும் சிறு நிரல், 64 பைட் பங்குப் பட்டியல், கடைசி 2 பைட் ஓர் அடையாளம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். ஒரு பங்குக்கு 16 பைட் என்பதால், பட்டியலில் நான்கு பங்குக்குத்தான் இடம்.

இப்போது கடைக்காரர் "புதுசா விண்டோஸ் போட்டுத் தரேன்" என்கிறார். விண்டோஸ் அந்த 446 பைட்டில் தன் நிரலை எழுதிக்கொள்கிறது. அதற்கு பாஸைத் தெரியாது. மறுநாள் கேள்வியே வராமல் நேராக விண்டோஸ் திறக்கும். பாஸ் போய்விட்டது என்று பலரும் நினைப்பார்கள். அதன் பங்கை யாரும் தொடாதவரை, அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்!

அந்த 64 பைட் கெட்டுப்போனாலும் இதே கதைதான். பார்ட்டிஷன் அளவை மாற்றும்போது பாதியில் கரண்ட் போனால் இப்படி ஆவதுண்டு. புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் யாரோ கிழித்தது போல. பாடங்கள் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் கணினி டிஸ்க்கைக் காலி என்று நினைத்து, "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிதாக எதையும் அதில் எழுதவும் கூடாது. பழைய கோப்பு இருந்த இடத்தில் புதிது எழுதப்பட்டால் பழையது திரும்பாது.

பிரான்ஸ்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள் இங்கே துப்பறியும். விண்டோஸ் பங்கின் தொடக்கத்தில், மூன்று பைட் தள்ளி, 'என்டிஎஃப்எஸ்' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இப்படிப்பட்ட அடையாளங்களைத் தேடிப் பிடித்துப் பட்டியலைத் திரும்ப எழுதிக் கொடுக்கும். இன்றைய கணினிகளில் ஜிபிடி என்ற புதிய முறை வந்துவிட்டது. அதில் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் இன்னொன்று என இரண்டு பிரதியாக இருக்கும். நல்ல யோசனை, இல்லையா?

ஆனால் தண்ணீருக்குப் பார்ட்டிஷன் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. கணினியின் 'சி' பங்கில் இருப்பதை 'டி' பங்கில் நகலெடுத்தேன் என்று நீங்கள் சொன்னால், இரண்டும் ஒரே டிஸ்க். நனைந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். அதை நான் நகல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கிளவுட்' என்பதும் வானத்தில் இல்லை. அதுவும் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்தான். அம்பத்தூரிலேயே அப்படிப்பட்ட பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'டாய் ஸ்டோரி 2' பார்த்திருப்பீர்கள். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் அந்தப் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. காப்புப் பிரதியைத் தேடினால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. யாரும் அதைத் திறந்து பார்க்காததால் அது வரை தெரியவில்லை. கேலின் சஸ்மன் என்ற அலுவலர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக ஒரு பிரதி வைத்திருந்தார். போர்வை சுற்றி அந்தக் கணினியைக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் புகைப்படங்களை ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுங்கள். வேறொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று படங்களையாவது திறந்து பாருங்கள். பிறகு அதை வேறு ஊரில் இருக்கும் உறவினர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். நீங்கள் சென்னையில் இருந்தால், பூந்தமல்லி மாமா வீடு வேண்டாம், அங்கேயும் இதே மழைதான். மதுரையில் பெரியம்மா இருந்தால் அவரிடம் கொடுங்கள்.