பஜ்ருக்குப் பின் நடை சரி, இரவுத் தூக்கம் எங்கே?



நமது அறக்கட்டளையின் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமுக்குக் கடந்த முறை ஒரு சகோதரர் தம் மனைவியுடன் வந்திருந்தார். வயது நாற்பத்தாறு. கடைவீதியில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்து ஓராண்டு ஆகிறது. அன்றிலிருந்து பஜ்ர் ஜமாஅத் முடிந்த கையோடு ஒரு மணி நேரம் வேகநடை, வாரம் மூன்று நாள் ஜிம், இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. "எதையும் விடலைங்க. ஆனா தொப்பையும் குறையல, சுகரும் இறங்கல" என்று வருத்தப்பட்டார். மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். பன்னிரண்டு, சில நாள் பன்னிரண்டரை. எழுவது நாலே முக்காலுக்கு.

ஐந்து மணி நேரம்கூட இல்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. நாற்பது தாண்டிவிட்டால் தூக்கம் குறைவாகப் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. வயது ஏற ஏறத் தூக்கம் லேசாகிறது, இடையில் விழிப்பு வருகிறது. உடலின் தேவை அதனால் குறைந்துவிடுவதில்லை.

இவர் செய்ததில் தவறு எங்கே? நடையிலும் இல்லை, உணவிலும் இல்லை. நடைக்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்ததுதான் தவறு. 2010-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடை கூடிய பத்துப் பேர், சராசரி வயது 41. அதே அளவான குறைந்த உணவு, இரண்டு வாரம் எட்டரை மணி நேரப் படுக்கை. இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரப் படுக்கை. இரண்டு முறையும் ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் பாதி கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கால்வாசிதான் கொழுப்பு. மீதி தசை போன்றவை. சிறிய ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஜிம்முக்குப் பணம் கட்டித் தசையை வளர்க்கப் பார்ப்பவர், தூங்காமல் அதையே கரைத்துக்கொண்டிருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

சர்க்கரைக்கும் இதே கதைதான். அதே பல்கலைக்கழகத்தார் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் நோயற்ற இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். இரத்தத்தில் ஏறிய சர்க்கரையைக் கீழே கொண்டுவரும் வேகம் அவர்களுக்குக் குறைந்துபோனது. இளைஞருக்கே அப்படி என்றால், குடும்பத்தில் சர்க்கரை இருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

"எனக்குப் பழகிப்போச்சு" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்கு நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்களைக் கேட்டால், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்றார்கள். பழகிப்போவது அசதிதான், கவனக்குறைவு அப்படியே இருக்கிறது. சரக்கு எடுக்க விடியற்காலையில் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம்.

இரவில் எங்கே போகிறது நேரம்?

பஜ்ர் தொழுகையை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அப்படியானால் கை வைக்க வேண்டியது இரவில்தான். நம் பகுதியில் இஷா ஜமாஅத் எட்டேகாலுக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கடை, பத்தரைக்கு ஷட்டர், பதினொன்றுக்குப் பரோட்டாவோ பிரியாணியோ, பிறகு படுத்துக்கொண்டே கைப்பேசி. இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சில் உட்கார்ந்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் எல்லோரும் ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவும் அந்தப் பேச்சில் சேர்த்திதான் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

கடையைச் சீக்கிரம் அடைக்க முடியாது என்பவர்களின் சிரமம் புரிகிறது. ஒன்பதரைக்கு மேல்தான் வியாபாரமே என்ற கடைகளும் உண்டு. ஆனால் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்து எட்டரைக்கு முடிக்கலாம். வயிறு நிறைந்தவுடன் படுத்தால் நெஞ்செரிச்சலே பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அஸருக்குப் பிறகு குடிக்கும் டீயையும் காபியையும் கவனியுங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். பஜ்ர் நேரம் ஆண்டு முழுதும் ஒன்றல்ல. சென்னையில் ஜனவரியில் ஐந்தேகாலை ஒட்டித் தொடங்குவது, ஜூனில் நாலரைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. படுக்கும் நேரத்தை மட்டும் நாம் மாற்றுவதில்லை. கோடையில் முக்கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கப் பழக வேண்டும்.

அப்படியும் ஏழு மணி நேரம் ஒரே மூச்சில் கிடைக்காவிட்டால், பிரித்துத் தூங்குவதில் தவறில்லை. லுஹருக்கு முன்போ பின்போ இருபது, முப்பது நிமிடம் கண்ணயர்வது, நம் முன்னோர் கைலூலா என்று போற்றியது, களைப்பைத் தீர்க்கும். மாலை மூன்று மணிக்கு மேல் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நீட்டினால் அது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். பஜ்ருக்குப் பின் மீண்டும் படுப்பதைச் சில பெரியவர்கள் விரும்புவதில்லை. மார்க்க ரீதியான விளக்கத்தை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவம் பார்ப்பது மொத்தக் கணக்கைத்தான்.

நடை எப்போது?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. 150 நிமிடம் என்பது அரை மணி நேரமாக ஐந்து நாள். தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிவாசலுக்கு ஐந்து வேளையும் நடந்தே போனால் அதுவும் கணக்கில் சேரும். மாலையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நடப்பது நல்லது. இரவில் ஜிம் போகிறவர்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது கடினமான பயிற்சியை முடித்துவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய நாளில் அலாரம் வைத்து நடைக்கு ஓடாதீர்கள். தொழுதுவிட்டுப் படுங்கள், நடை மாலைக்கு இருக்கட்டும்.

நம் வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரம் கழுவி, கடைசியாகப் படுத்து, முதலில் எழுகிறவர் அவர்தான். நாற்பத்தைந்தை ஒட்டி மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரவில் திடீரென உடல் கொதித்து, வியர்த்து விழிப்பு வருகிறது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையில் எரிச்சலாக இருக்கிறார் என்ற பெயரைத்தான் வாங்குகிறார்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, பெண் மருத்துவரிடம் பேசலாம். கணவர் பதினொன்றுக்கு வந்தால் மனைவியும் பதினொன்றரை வரை விழித்திருக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கச் சொல்வது பெரிய தியாகம் ஒன்றுமில்லை, சகோதரர்களே. பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்கித் தரவும் நமக்குக் கை இருக்கிறது.

இத்தனையும் செய்து, ஏழு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை பாரமாக எழுகிறவர்கள் உண்டு. அவர்கள் குறட்டையைக் கவனிக்க வேண்டும். சத்தமான குறட்டை, நடுவில் பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்று, திணறிக்கொண்டு மீண்டும் தொடங்குவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, இவை தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அடையாளங்கள். பருமனும், தடித்த கழுத்தும், மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தமும் கூடவே இருந்தால் தாமதிக்கக் கூடாது. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்தால், ஓர் இரவு தூங்க வைத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. இந்த நோய் இருக்கிறவர் மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து.

முகாமுக்கு வந்த அந்தச் சகோதரரிடம் மருத்துவர் குறட்டை உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றுதான் சொன்னார். பின்னால் நின்ற அவர் மனைவி, "ராத்திரி மூச்சு நின்னுடுதோன்னு நான் தட்டி எழுப்புறேன் டாக்டர்" என்றார். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள், மருந்துச் சீட்டோடு வீட்டில் உடன் இருப்பவரையும் அழைத்து வாருங்கள்.