நஷ்டக் கணக்கை யாரிடம் சொல்வது?

பொங்கல் முடிந்த வாரம் தியாகதுருகத்தில் இருந்தேன். மலையடிவாரத்து டீக்கடையில் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தனைப் பார்த்தேன். அவன் சென்னைக்குப் போய் இருபது வருஷம் இருக்கும். அம்பத்தூர் பக்கம் ரெண்டு சிஎன்சி மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். பொங்கலுக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவங்க அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரைக் கிரயம் பண்ணிக்கொடுக்க வந்திருக்கிறான்.

ஒரு பெரிய கம்பெனி ஏழு மாசமாகப் பணம் தரவில்லை. பில் போட்டாச்சு, அதற்கு ஜிஎஸ்டியும் இவன் கையிலிருந்து கட்டியாச்சு. பேங்க் தவணை, ஆளுங்க சம்பளம், அதுக்குமேல் வெளியில் வாங்கின வட்டிப் பணம். வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். "போன மாசம்தான் சொன்னேன்." சர்ச்சில்? அதற்கு அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"லாபம் வந்தா சாட்சி சொல்ல மைக் குடுக்குறாங்கடா. நஷ்டம் வந்தா எங்க போய்ச் சொல்றது?"

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அடுத்து அவன் சொன்னது என்னை விடவில்லை. நாலு மாசமாக அவன் ஒரு குழுவுக்குப் போகிறானாம். எட்டுப் பேர், எல்லோரும் சென்னையில் சின்னதாகத் தொழில் செய்கிற கிறிஸ்தவர்கள். பிரிண்டிங், கேட்டரிங், ஏசி சர்வீஸ் இப்படி. மாசம் ஒரு சனிக்கிழமை காலை கூடுவார்கள். ஜெபம் பத்து நிமிஷம், மீதி மூணு மணி நேரம் கணக்கு. வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு என்று ரெண்டு எண்ணை ஒவ்வொருத்தரும் சொல்லியே ஆகணும். ஒருத்தருக்கொருத்தர் கடன் கொடுக்கக்கூடாது. உள்ளே வியாபாரம் பேசக்கூடாது. உள்ளே கேட்டது வெளியே போகக்கூடாது.

இந்த மூணு விதியை யார் கண்டுபிடித்தார்கள், எங்கிருந்து வந்தது என்று சென்னை திரும்பியதிலிருந்து குடைந்துகொண்டிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பணம் தராதவனைச் சட்டத்தில் பிடிக்க முடியாதா? முடியும். 2006-ல் வந்த சிறுதொழில் சட்டப்படி 45 நாளைக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் கூட்டுவட்டியோடு தரவேண்டும். 2017-ல் சமாதான் என்று ஆன்லைன் புகார்த் தளமும் வந்தது. 2023 நிதிச் சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டது: குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத பணத்தை, நிஜமாகத் தருகிற வருஷம்வரை, வாங்கினவன் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் ஆர்டர் நின்றுவிடும். ஒரே ஒரு கஸ்டமரை நம்பி மெஷின் வாங்கினவன் புகார் கொடுப்பானா? ஆக, சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி இருக்கிறது: "ஏன் ஒரே கஸ்டமரை நம்பினே?" இதை வக்கீல் கேட்க மாட்டார், ஆடிட்டர் மார்ச் மாசம்தான் கேட்பார், மனைவியிடம் நாமே சொல்வதில்லை. இன்னொரு தொழில்காரர்தான் கேட்க முடியும்.

சரி, கிறிஸ்தவத் தொழில்காரர்கள் கூடுவது புதுசா? இல்லை. அமெரிக்காவின் சிகாகோவில் 1930-ல், பெருமந்தம் ஆரம்பித்த சமயத்தில், கிறிஸ்தவ வியாபாரிகள் மதிய நேரக் கூட்டங்கள் நடத்த ஆரம்பித்தார்கள். 1951-ல் லாஸ் ஏஞ்சலஸில் டெமாஸ் ஷகாரியன் என்ற ஆர்மீனிய வம்சாவளிப் பால்பண்ணைக்காரர் கிளிஃப்டன்ஸ் கஃபடேரியா என்ற உணவகத்தில் ஒரு சனிக்கிழமை காலைக் கூட்டம் போட்டார். அதுதான் ஃபுல் காஸ்பல் பிஸினஸ் மென்ஸ் ஃபெலோஷிப். இன்று உலகம் முழுக்கக் கிளைகள் இருக்கின்றன, சென்னையிலும் உண்டு. டிபன், பாட்டு, பிறகு ஒரு வியாபாரி எழுந்து தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று சாட்சி சொல்வார். அந்த அமைப்பின் மையமே சாட்சிதான்.

சாட்சியைக் குறை சொல்லவில்லை. தனியாக இருக்கிறவனுக்கு அது தெம்பு. ஆனால் சாட்சி என்பது கதை முடிந்த பிறகு சொல்வது. கடன் இருந்தது, தீர்ந்தது. நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த மேடையில் இடம் இல்லை. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். என் நண்பன் அப்படித்தான் ரெண்டு வருஷம் போய்வந்திருக்கிறான்.

கணக்கைத் திறந்து காட்டும் பழக்கம் வேறு ஒரு இடத்திலிருந்து வருகிறது. 1650-களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் சபை. இவர்கள் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், அரசாங்கச் சபையோடு ஒட்டவும் மாட்டார்கள். அதனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டம் கிடையாது, அரசாங்கப் பதவி கிடையாது. மிச்சம் இருந்தது வியாபாரம். பார்க்ளேஸ், லாயிட்ஸ் வங்கிகளும், கேட்பரி, ரவுன்ட்ரீ சாக்லேட்டும் குவேக்கர் குடும்பங்கள் தொடங்கியவை. ஜான் கேட்பரி பர்மிங்காமில் கடை திறந்தது 1824-ல்.

இவர்களின் மாதக் கூட்டம்தான் விஷயம். அங்கே கல்யாணம், ஏழைகளுக்கு உதவி இதோடு உறுப்பினர்களின் தொழிலும் பேசப்படும். வருஷத்துக்கு ஒருமுறையாவது உன் கணக்கைச் சரிபார், கைக்கு மீறி வியாபாரத்தை விரிக்காதே, சிக்கல் வந்தால் சீக்கிரம் சொல் என்று லண்டன் ஆண்டுக் கூட்டத்திலிருந்து அறிவுரைகள் போகும். யாரோ ஒருத்தர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால், கூட்டம் ஒன்றிரண்டு பேரை நியமித்து அவர் வீட்டுக்கு அனுப்பும். அவர்கள் வெறும் ஆறுதல் சொல்லிவிட்டு வரமாட்டார்கள், நிலவரத்தை விசாரித்துவிட்டு வந்து கூட்டத்தில் சொல்வார்கள். யோசித்துப் பாருங்க, நம்ம வீட்டுக்கு இப்படி ரெண்டு பேர் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுவோம், பேரேட்டை எடுத்துக் காட்டுவோமா?

காட்டினார்கள். ஏனென்றால் மறைத்தால் விலை அதிகம். திவாலானால் சபையிலிருந்து நீக்கம். எலிசபெத் ஃப்ரை, சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போனவர், 2002 முதல் 2017 வரை இங்கிலாந்து 5 பவுண்டு நோட்டில் அவர் படம்தான் இருந்தது. அவர் கணவர் ஜோசஃப் ஃப்ரையின் வங்கி 1828-ல் விழுந்தது. சபை ஜோசஃபை நீக்கிவிட்டது. யார் வீட்டுக்காரர் என்று பார்க்கவில்லை. கொடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் இதே கண்டிப்பால்தான் குவேக்கர் கொடுத்த சீட்டுக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது.

எப்போதும் பலித்ததா என்றால், இல்லை. குவேக்கர் வழியில் வந்த கர்னி குடும்பத்தின் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் லண்டனில் வங்கிகளுக்கே வங்கி மாதிரி இருந்தது. குறுகிய காலப் பணத்தை வாங்கி ரயில், கப்பல் என்று நீண்ட காலத்துக்கு மாட்டியது. 1865-ல் வாராக்கடனை மூடிமறைத்துப் பங்கு விற்றது. 1866 மே 10-ம் தேதி கதவை மூடியபோது கடன் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கும் மேல். அக்கம்பக்கத்துக்காரர் ரெண்டு பேர் போய்ப் பேரேட்டைப் பார்க்கிற முறைக்கு எட்டாத உயரத்துக்கு அந்தக் கம்பெனி போய்விட்டது என்பது என் ஊகம். இன்னொன்றும் தோன்றுகிறது. எல்லோரும் மாமன் மச்சானாக இருந்தால் யார் யாரைக் கேட்பது?

நம்ம பக்கத்திலும் இப்படி உண்டு. பர்மாவில் தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடித்தான் நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். விருதுநகர், சிவகாசி நாடார் உறவின்முறைகள் வியாபாரத்திலிருந்து மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டின. சாமியும் கணக்கும் ஒரே கூரைக்கு அடியில். ஆனால் இவையெல்லாம் பிறந்த சாதியால் கிடைத்த கூரை. எங்க ஊர் மாதிரி இடத்திலிருந்து போய், சொந்தத்தில் முதல் ஆளாகத் தொழில் தொடங்குகிற ஒரு வாத்தியார் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவனுக்கு இருப்பது சபைதான். சபையில் கணக்கு கேட்கிற வழக்கம் இல்லை.

கடன் கொடுக்கக்கூடாது என்கிற விதி எனக்கு முதலில் புரியவில்லை. கஷ்டத்தில் இருப்பவனுக்கு உதவாமல் என்ன குழு? இதற்கு விளக்கம் கிடைத்தது குடிநோயாளிகள் வரலாற்றில். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு ஒரு கம்பெனியைக் கைப்பற்றப் போய்த் தோற்றுப்போனார். ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார், பக்கத்தில் மதுக்கூடம். குடியை விட்டுச் சில மாசம்தான் ஆகிறது. அங்கே தொங்கிய சர்ச் பட்டியலைப் பார்த்து ஃபோன் போட்டு, தன்னை மாதிரியே இன்னொரு குடிநோயாளி யாராவது இருக்கிறாரா என்று தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கேதான் பிறந்தது. அங்கே யாரும் யாருக்கும் மேல் இல்லை. பணம் கொடுத்தால் உடனே ஒருத்தர் மேலே போய்விடுவார், அப்புறம் உண்மை வராது. சீட்டு நடத்தி நட்பை முறித்துக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பனை மறுபடி ஃபோனில் பிடித்தேன். குழுவில் என்னதான் நடந்தது என்று கேட்டேன். மூணாவது கூட்டத்தில், பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிற அக்கா ஒருவர் கேட்டாராம், "தம்பி, இதுல உங்க சம்பளம் எவ்வளவு?" இவன் முழித்திருக்கிறான். பதினோரு வருஷமாகத் தனக்குச் சம்பளம் என்று ஒன்று போட்டதே இல்லை. கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுப்பான், வீட்டிலிருந்து கல்லாவுக்குப் போடுவான். பேப்பரை வாங்கி அவர் சம்பளத்தையும் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, அந்தப் பெரிய கம்பெனி வேலை ரெண்டு வருஷமாகவே நஷ்டத்தில்தான் ஓடியிருக்கிறது. பணம் ஒழுங்காக வந்திருந்தாலும் நஷ்டம்தான்.

"அழுகை வந்திருச்சுடா," என்றான். "யாரும் ஒண்ணும் சொல்லல. ஏசி சர்வீஸ்காரர் டீ வாங்கிட்டு வந்தார்."

ஒரு மெஷினை விற்றுவிட்டான். நிலமும் போய்விட்டது, வாங்கினவர் மரவள்ளி நட்டிருக்கிறார். வெளிக்கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு இப்போது முன்பணம் இல்லாமல் வேலை எடுப்பதில்லை, அவர்களும் கூப்பிடுவதில்லை. போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது: "இந்த மாசம் சம்பளம் 18,000 எடுத்தேன். சனிக்கிழமை சொல்லணும்."